கைக்கு அடங்காத துவக்கு

பத்திரிகைத் தொழிலில் கழித்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் ‘கைத்துப்பாக்கி’ என்ற சொல்லை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பெரும்பாலும் அது ஒரு வசனத்தின் நடுவிலேயே வரும். அதற்கு முன்னால் ‘மோட்டார் சைக்கிளில் வந்த இனந்தெரியாத இருவர்’ என்றிருக்கும். அதற்குப் பின்னால் ‘ஸ்தலத்திலேயே உயிரிழந்தார்’ என்றிருக்கும். என்ன வகைத் துப்பாக்கி, எந்த அளவுச் சன்னம் என்பதெல்லாம் மரண விசாரணையில் வந்தால் வரும். வராவிட்டால் நாங்களும் கேட்பதில்லை. அதிகம் கேட்பவருக்கு ஆயுள் குறைவு என்றிருந்த காலம் அது.

ஆகவே 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் மகளின் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை இரவு மருமகன், “மாமா, நாளைக்கு றிவோல்வர் வாங்கப் போறன். நீங்களும் வாங்கோவன்” என்று மரக்கறிக் கடைக்குக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டபோது, சாப்பாட்டுக் கோப்பையில் வைத்த கையை எடுக்க மறந்து இருந்துவிட்டேன்.

மருமகன் பொறியியலாளர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்து போகும் வகையைச் சேர்ந்தவர். அலுவலக நண்பர்களோடு இரண்டு பருவங்கள் மான் வேட்டைக்குச் சென்று பழகியிருந்தார். அரசு நடத்தும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து அனுமதிப்பத்திரமும் வைத்திருந்தார். அதுவரை பயன்படுத்தியது ஒரு ஷொட்கன். இனிக் கைத்துப்பாக்கியால் வேட்டையாட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

கைத்துப்பாக்கியால் மான் வேட்டை என்றால் நம்மவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அமெரிக்காவில் அது தனியொரு கலையாக வளர்ந்திருக்கிறது. ஒஹையோவில் அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. பண்ணைகளும் வீடுகளும் நெருங்கிக் கிடக்கும் சமதரை அது. வெகுதூரம் பறக்கும் றைபிள் சன்னம் குறிதவறினால் எங்கே போய் யாரைத் தொடும் என்று சொல்ல முடியாது. அதனால் மான் வேட்டைக்கு வழமையான நெடுந்தூர றைபிள்களை அங்கு அனுமதிப்பதில்லை. ஷொட்கன்னுக்கும் கைத்துப்பாக்கிக்கும் அனுமதி உண்டு. நேர்ச்சுவர்க் கோது கொண்ட தோட்டாக்களைச் சுடும் றைபிள்களுக்கு 2014இல்தான் இடம் கொடுத்தார்கள். கைத்துப்பாக்கியென்றால் குழல் ஐந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது, தோட்டா .357க்குக் குறையக் கூடாது. எல்லைக்கு அப்பாலுள்ள கனடாவிலோ கைத்துப்பாக்கி வேட்டையே கிடையாது. 2022 ஒக்ரோபரில் கைத்துப்பாக்கி விற்பனையையே அந்நாடு முடக்கிவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் உறவினர்களிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை.

“றைபிள் எண்டால் இருநூறு யார்ட்டிலை நிண்டு சுடலாம் மாமா. இதுக்கு ஐம்பது யார்ட்டுக்குக் கிட்டப் போகவேணும். அதுதான் வேட்டை” என்றார். கிட்டப் போவது என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. செய்தியாளனுக்கும் அதுதானே வேலை.

கடை ஒரு சிற்றூர்ச் சந்தியில், தூண்டில்களும் மழை அங்கிகளும் விற்கும் கடையோடு ஒட்டியிருந்தது. உள்ளே போனதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். விசாவில் வந்த விருந்தாளி துப்பாக்கி வைத்திருப்பதை அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை என்று மகள் முதல் நாளே எச்சரித்திருந்தாள். வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற விதிவிலக்குகள் இருந்தாலும், இந்த வயதில் அவற்றைத் தேடிப் போகும் உத்தேசம் எனக்கில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் கிடந்தவற்றைப் பார்த்தபோது முதலில் வயிற்றைப் பிசைந்தது. பிறகு தொழில் புத்தி தலைதூக்கியது. விற்பனையாளரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினேன். அவரும் என் போன்ற கேள்விக்காரனுக்காகவே காத்திருந்தவர் போலச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு நானும் தேடிப் படித்துக்கொண்டேன்.

ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 1935இல் .357 மக்னம் என்ற தோட்டாவைக் கொண்டு வந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மேஜர் டக்ளஸ் வெசன், விளம்பரத்துக்காக அந்த றிவோல்வரோடு காட்டுக்குப் போய் எல்க், மூஸ் போன்ற பெரும் மான்களையே வீழ்த்திக் காட்டினார். அதற்கடுத்த அத்தியாயம் எல்மர் கீத் என்ற மனிதருடையது. 1899இல் பிறந்தவர். சிறுவனாக இருக்கையில் தீ விபத்தில் சிக்கி இடக்கை கருகி முறுகிப் போனது. அந்தக் கையோடுதான் ஐடஹோ மலைகளில் மாடு மேய்த்தார், வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டினார், சஞ்சிகைகளில் எழுதினார். .44 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டாவில் கூடுதல் மருந்தும் கனமான சன்னமும் வைத்துச் சுட்டுப் பார்த்து, இதைவிட வலிமையான .44 வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக நச்சரித்தார். 1955இன் இறுதியில் ஸ்மித் அன்ட் வெசனும் ரெமிங்டனும் சேர்ந்து .44 மக்னத்தைச் செய்தன. பேனாவால் துப்பாக்கி செய்வித்த மனிதர் என்று அவரைச் சொல்லலாம். என் தொழிலிலும் இப்படி ஒருவர்!

கீத்தைப் பற்றிய ஒரு சர்ச்சை இன்றும் ஓயவில்லை. இன்னொருவர் சுட்டுக் காயப்படுத்திய மானொன்றைத் தன் .44 மக்னத்தால் சுமார் 600 யார்ட் தொலைவில் சுட்டதாக அவர் எழுதினார். நம்பியவர்கள் தெய்வமாக்கினார்கள், நம்பாதவர்கள் புளுகர் என்றார்கள். அந்த மான் ஏற்கெனவே காயம்பட்டது என்பதை இரு தரப்பும் வேகமாகக் கடந்து போய்விடுகின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1971இல் ‘டேர்ட்டி ஹரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அந்த .44ஐத் தூக்கிக் காட்டிய பிறகு கடைகளில் அது தட்டுப்பாடாகிவிட்டது. காட்டுக்காகச் செய்யப்பட்ட ஒன்றை ஊர் வாங்கத் தொடங்கியது. பிறகு போட்டி. டிக் கசூல் என்பவரின் .454 தோட்டாவுக்கு வயோமிங் மாநிலத்தின் ஃபிரீடம் என்ற ஊரில் 1983 முதல் ஐந்து தோட்டா றிவோல்வர் செய்தார்கள். 2003இல் ஸ்மித் அன்ட் வெசனே .500 மக்னத்தை இறக்கியது. அரை அங்குலச் சன்னம், எட்டங்குலத்துக்கு மேற்பட்ட குழல், இரண்டு கிலோ எடை.

கண்ணாடிக்குள் அதுவும் கிடந்தது. ‘பிஃப்ரி கலிபர்’ என்ற சொல் நம்மவருக்குப் புதிதல்ல. நாங்கள் கேட்டது இராணுவ வாகனத்தின் மேல் பூட்டிய இயந்திரத் துப்பாக்கியின் சத்தம். அதன் தோட்டாவோடு ஒப்பிட்டால் இது குழந்தை. ஆனாலும் அந்த எண் கொண்ட ஒன்று ஒரு மனிதனின் கையில் அடங்கும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

விற்பனையாளர் நேர்மையான மனிதர். மருமகனின் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். நீண்ட, மெலிந்த விரல்கள். “.44 எடுங்கள். மானுக்கு அது போதும், மிஞ்சும்” என்றார். 240 கிறெயின் சன்னம், விநாடிக்கு 1,350 அடி வேகம், குழல் வாயில் ஏறக்குறைய 970 அடி-இறாத்தல் வலு. .500 இதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் தரும். ஆனால் தருவது முன்னால் மட்டுமல்ல, பின்னாலும்தான் என்று தன் உள்ளங்கையைத் தட்டிக் காட்டினார்.

மருமகன் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “மாமா, என்ன சொல்லுறியள்?”

வாழ்நாளில் ஒரு தோட்டாவைக்கூடச் சுடாத நான் சொன்னேன்: “காசு குடுக்கிறதெண்டால் தம்பி, பெரிசையே எடுங்கோ.”

பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் மாமனாரின் வார்த்தையை மதிக்கும் பிள்ளை. படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்து அந்த .500 வீட்டுக்கு வந்தது. அந்தப் படிவத்தை எட்டிப் பார்த்தேன். பெயர், விலாசம், பிறந்த ஊர், துப்பாக்கியின் தொடர் இலக்கம். இனந்தெரியாதவர் என்று எழுத அதில் இடமில்லை.

வேட்டைக்கு இடம் கொடுத்தவர் ஊருக்கு வெளியே சோளக்காணி வைத்திருந்த ஒரு முதியவர். இயந்திரப் பட்டறையொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தனியார் காணியில் வேட்டையாட எழுத்தில் அனுமதி வேண்டும். அதைக் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு அவர் போட்ட நிபந்தனை, “முதலில் நீ சுடுவதை நான் பார்க்க வேண்டும்” என்பது.

ஒக்ரோபரில் அவருடைய காணியின் மண்மேட்டுக்கு முன்னால் பார்த்தார். நான் காதடைப்பான் மாட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். முதல் வெடியிலேயே என் சேட்டுப் பொத்தான் அதிர்ந்தது. மருமகனின் கைகள் இரண்டும் நெற்றிக்கு மேலே போய்வந்தன. இலக்கில் ஒன்று பட்டது, இரண்டு படவில்லை. முதியவர் ஒன்றும் பேசாமல் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஐந்து அறைகளில் மூன்றில் தோட்டாவும் இரண்டில் சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கோதும் போட்டு, உருளையைச் சுழற்றி மூடி, திருப்பிக் கொடுத்தார். எதில் எது இருக்கிறது என்று சுடுபவருக்குத் தெரியாது.

முதலாவது வெடித்தது. இரண்டாவது ‘டிக்’ என்றது. வெடிக்கவேயில்லை. ஆனால் வெடித்தது போலவே மருமகனின் தோள்கள் குறுகின, கண்கள் மூடின, குழல் தரையைப் பார்த்துக் குனிந்தது. வராத உதைப்புக்கு உடம்பு முன்கூட்டியே பயந்துவிட்டது. பயந்த கை விசையை இழுக்கும் கணத்தில் குழலைத் தாழ்த்தியோ திருப்பியோ விடும். சன்னம் குறியில் போகாது. மக்னங்களின் வலிமை பற்றி நான் படித்த அத்தனை பக்கங்களையும்விட அந்த ‘டிக்’ எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

முதியவர் தன்னுடையதைக் கொண்டுவந்து காட்டினார். ஏழரை அங்குலக் குழல் கொண்ட பழைய ருகர் சூப்பர் பிளாக்ஹோக், .44 மக்னம். அந்த ரகம் 1959 முதல் செய்யப்படுகிறது. ஒவ்வொரு வெடிக்கும் பின்புறச் சுத்தியைப் பெருவிரலால் இழுத்து நிமிர்த்த வேண்டும். அதன் வளைந்த பிடி, சுடும்போது உள்ளங்கைக்குள் மேல்நோக்கி உருளும். அதனால் உதைப்பின் ஒரு பகுதி அந்த உருளலில் கழிந்துவிடும். விசைக் காப்பு வளையத்தின் பின்புறம் நடுவிரல் மூட்டைக் கடிக்கும் என்பது ஒரு குறை. முதியவரின் மூட்டில் காய்ப்பு இருந்தது. “.44 ஸ்பெஷல் தோட்டாவும் இதில் போகும். முதலில் மெல்லியதைச் சுட்டுப் பழகலாம். கை பயத்தை மறந்த பிறகு மக்னம்” என்றார். பழக்கத்தை வைத்துத்தான் துப்பாக்கியைத் தேர வேண்டும், துப்பாக்கியை வாங்கிவிட்டுப் பழக்கத்தைத் தேடக் கூடாது என்பது அவருடைய கட்சி. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடாமல், இன்னும் பழகிவிட்டு வா என்று அனுப்பினார்.

மருமகன் பழகினார். தோட்டா இல்லாமல் வீட்டு நிலவறையில் இரவிரவாக விசை இழுத்தார். நவம்பர் நடுப்பகுதியில் மறுபடி போய்ச் சுட்டபோது ஐந்தில் நான்கு பட்டன. முதியவர் சற்றுத் தயங்கி, கையெழுத்திட்டார். அந்தத் தயக்கத்தை நான் கவனித்தேன். எழுதிப் பழகிய கண் அதைக் கவனிக்காமல் விடாது. ஆனால் வாய் திறக்கவில்லை.

நன்றி தெரிவித்தல் பண்டிகை வாரம் கழிந்த திங்கட்கிழமை பருவம் தொடங்கியது. ஆயுதமில்லாத பார்வையாளனாக, செம்மஞ்சள் மேலங்கி போட்டு, மூக்கில் நீர் வழிய, அறுவடையான சோளக்காணியின் ஓரத்தில் ஒரு துணிக்கூடாரத்துக்குள் அவர்களோடு இருந்தேன். எட்டு மணிக்குச் சற்றுப் பின், வெண்வால் மானொன்று, பெட்டை, சுமார் அறுபது யார்ட்டில் வந்து பக்கம் காட்டி நின்றது. குறுக்குத் தடியில் கையை ஊன்றி மருமகன் குறி பார்த்தார். அவருடைய மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. வெடித்தது. மான் முதுகைக் கூனி வளைத்துக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, மெல்லிய ஓட்டமாகக் காட்டுக்குள் போயிற்று.

முதியவர் கண்ணை மூடித் திறந்தார். “வயிறு” என்றார்.

உடனே பின்தொடரக் கூடாதாம். தொடர்ந்தால் அது எழுந்து எழுந்து ஓடும், கிடைக்காமலே போகும். படுக்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறு மணித்தியாலம் காத்திருந்தோம். முதியவரின் மனைவி கொடுத்த சூப்பை மருமகன் தொடவேயில்லை.

அந்த ஆறு மணித்தியாலமும் நான் இருந்தது ஒஹையோவில் அல்ல. எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் பத்திரிகையின் அச்சுக்கோப்பாளர் ஒருவரை, இரவு வேலை முடிந்து சைக்கிளில் போகும்போது, மிகக் கிட்ட வந்து கைத்துப்பாக்கியால் சுட்டார்கள். வயிற்றில். மூன்று நாட்கள் கிடந்தார். வைத்தியர் வெளியே வந்து என்னிடம், “சுட்டவனுக்குக் கை நடுங்கியிருக்குது. நெஞ்சுக்குச் சுட்டிருந்தால் இந்தாள் இவ்வளவு பட்டிருக்காது” என்றார். செய்தியில் அதை நான் எழுதவில்லை. ‘சிகிச்சை பலனின்றி’ என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்களுக்குள் மூன்று பகலும் மூன்று இரவும் இருந்தன.

இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். இரத்தம் சொட்டுச் சொட்டாக, கடுகளவு, சருகுகளில். கலங்கலாக ஒரு பச்சையும் அதோடு. ஒரு சொட்டைக் கண்டால் அந்த இடத்தில் காகிதத் துண்டொன்றை வைத்துவிட்டு அடுத்ததைத் தேட வேண்டும். மூவரும் குனிந்தபடி நடந்தோம். நாநூறு யார்ட்டுக்கு அப்பால், சிற்றாற்றங்கரையில், விழுந்து கிடந்த மரத்தடியில் அது படுத்திருந்தது. உயிர் இருந்தது. தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. மருமகன் துப்பாக்கியை உயர்த்தினார். கை ஆடியது. தாழ்த்தினார். மறுபடி உயர்த்தினார். முதியவர் அவருடைய மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, தன் பழைய ருகரின் சுத்தியை நிமிர்த்தினார். ஒரே வெடி.

திரும்பி வரும் வழியில் காருக்குள் மருமகன் தாழ்ந்த குரலில், “என்ரை பிழை மாமா” என்றார். வழமையாக ஆறுதல் சொல்வேன். அன்று, “பெரிசை எடுக்கச் சொன்னது நான்தான் தம்பி” என்றேன். அவர் மறுக்கவில்லை. மறுக்காமல் விட்டதற்காக அவர்மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது. அந்தத் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அதைப் பிடிக்கும் கை உள்ளவர்கள் அதனால் கரடியையும் வீழ்த்துகிறார்கள். அந்தக் கை எங்கள் வீட்டில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் இலங்கை திரும்பிய பின், அடுத்த வசந்தத்தில் அவர் .500ஐ நட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, பழைய சூப்பர் பிளாக்ஹோக் ஒன்றை வாங்கினார். இம்முறை என்னிடம் கேட்கவில்லை. கோடை முழுவதும் .44 ஸ்பெஷல் சுட்டார். பிறகே மக்னத்துக்கு மாறினார். முதியவர் எட்டங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மண்மேட்டில் குத்தி வைப்பாராம். மானின் நெஞ்சறை ஏறக்குறைய அவ்வளவுதான். சுடும் ஐந்தும் தட்டில் விழுந்தால் பத்து யார்ட் பின்னால் போகலாம். ஒன்று வெளியே போனாலும் முன்னுக்கு வர வேண்டும். எந்த இடத்தில் ஐந்தும் தப்பாமல் விழுகின்றனவோ அதுதான் அந்த மனிதனுடைய தூரம், அதற்கு அப்பால் மான் நின்றால் அது வெறும் காட்சி என்பாராம். நடுவில் அறிவிக்காமல் வெற்றுக் கோது போடும் பழக்கத்தையும் அவர் விடவில்லை. செப்டெம்பரில் ஒருநாள் ‘டிக்’ என்றபோது குழல் ஆடாமல் நின்றதை மகள் கைத்தொலைபேசியில் படம்பிடித்து அனுப்பியிருந்தாள். இரண்டு விநாடிப் படம். ஒன்றுமே நடக்காத அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்தேன்.

2019 டிசெம்பர் தொடக்கத்தில், வேட்டை வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசி வந்தது.

“மாமா, கடைசி நாள் ஒரு பெரிய ஆண்மான் வந்தது. பத்துக் கவர்க் கொம்பு.”

“சுட்டனீங்களோ?”

“இல்லை. எழுபது யார்ட்டிலை நிண்டது. பத்து நிமிசம் பாத்துக்கொண்டு இருந்தன். கிட்ட வரேல்லை.”

“பிறகு?”

“என்ரை தட்டு ஐம்பதிலை தானே மாமா” என்றார். பிறகு பேரனிடம் தொலைபேசியைக் கொடுத்தார்.